பின் இருக்கை இல்லாத வண்டி

ஜனவரி 9

அன்புள்ள குட்டிக்கு,

நான் நலம். முழங்கால், முதுகு, சர்க்கரை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. காது மட்டும் எனக்கு முன்பே வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது. நீ போனில் கத்துவதும், நான் ‘ஆங், ஆங்’ என்பதும், இரண்டு பேரும் களைத்துப்போய் வைத்துவிடுவதும் இனி வேண்டாம். கடிதமே போதும். தலைக்குமேல் சைரனை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியதற்கு வேறென்ன மிஞ்சும்? நீ சாப்பாட்டைத் தள்ளிப்போடாமல் சாப்பிடுகிறாயா?

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உட்கார்ந்து படி. கார் வாங்கியிருக்கிறேன். பழையதுதான். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், மேலே மடக்குகிற துணிக் கூரை. சிவப்பு. முகத்தில் உங்கள் கம்பெனியின் முத்திரை. நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன்.

பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்காதே, காரணம் இருக்கிறது. என் சர்வீஸ் முழுக்க முதுகுக்குப் பின்னால் யாராவது வலியில் கிடந்தார்கள். வேகத்தடை வந்தால் முதலில் கூசுவது என் முதுகுதான். இப்போது பஸ்ஸில் போனால்கூடப் பள்ளத்தைப் பார்த்ததும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். பின்பக்கமே இல்லாத ஒரு வண்டி கிடைக்குமா என்று தேடினேன். கிடைத்தது.

விற்றவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். பக்கவாதம் வந்து இடது கால் பலவீனமாகிவிட்டது. “கால் சொன்ன பேச்சு கேக்கலைங்க. கிளட்ச் மிதிக்க முடியல” என்றார்.

“ஆட்டோமேட்டிக் வாங்கிக்கலாமே?”

“அதுல ஏறி உக்காரலாம். ஓட்ட முடியாது.”

சாவியைச் சட்டைத் துணியில் துடைத்துத்தான் கொடுத்தார், கண்ணாடி விற்கிற மாதிரி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அம்மா


ஜனவரி 28

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நேரத்துக்குத்தான் சாப்பிடுகிறேன். நீ நலம் என்று எழுதியிருந்ததை, கார் விஷயத்தைப் படித்த பிறகு அவ்வளவாக நம்ப முடியவில்லை.

அந்த வண்டி நான் இங்கே சேர்வதற்கு முன்பு வந்தது. காற்றுப் பை கிடையாது. சறுக்கினால் தானாகப் பிடிக்கும் வசதி கிடையாது. இப்போது சாலையில் ஓடுகிற உயரமான வண்டிகளுக்கு நடுவே போனால் உன் தலை அவர்களுடைய சக்கரத்துக்கு நேராக இருக்கும். இந்தத் திட்டப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க இப்படிப்பட்ட படங்களைத்தான் பார்க்கிறேன். இனி அந்தப் படங்களில் உன் தலைதான் தெரியும்.

ஆனாலும் முழுவதும் திட்ட மனம் வரவில்லை. அப்பா போன பிறகு நீ உனக்கென்று வாங்கியதாக என் நினைவில் இருப்பது ஒரு மழைக்கோட்டுதான். அதுவும் வேலைக்காக.

காது டாக்டரிடம் போ. இந்தக் காதோடு ஓட்டலாமா என்று கேள். கருவி வைத்துக்கொள்ளச் சொன்னால் வைத்துக்கொள். இன்னொன்று: கிளட்ச் தட்டு, பிரேக் கட்டை, கூரைத் துணி இவற்றையெல்லாம் இப்போதே ஒன்றிரண்டு வாங்கி வைத்துவிடு. பெரிய காரணம் ஒன்றுமில்லை. வாங்கி வை.

மெதுவாகப் போ.

உன் குட்டி


பிப்ரவரி 22

அன்புள்ள குட்டிக்கு,

எல்லாரும் சுகம், எல்லாரும் என்றால் நானும் வண்டியும். உன் சளி விட்டதா? கடிதத்தில் சளியைப் பற்றி நீ எழுதவில்லை. கையெழுத்து கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி இருந்தது, அதனால் கேட்கிறேன்.

டாக்டரிடம் போனேன். ஓட்டத் தடையில்லை, கண்ணாடியை மட்டும் மற்றவர்களைவிட அதிகமாகப் பார்க்கச் சொன்னார். கருவியும் கொடுத்தார். அதை மாட்டினால் கரண்டி விழுகிற சத்தம்கூட விபத்து மாதிரி கேட்கிறது. வீட்டில் வைத்துக்கொள்கிறேன். காரில் கூரையைத் திறந்தால் காற்று அதற்குள் புகுந்து ஊளையிடுகிறது. அங்கே கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுவேன்.

காது இல்லாமல் எப்படி ஓட்டுகிறாய் என்று கேட்பாய். இந்த வண்டி காதோடு பேசுவதில்லை. கியர் எப்போது மாற்ற வேண்டும் என்பதை இருக்கை இடுப்பில் சொல்லிவிடுகிறது. சாலையில் மணல் கிடந்தால் ஸ்டீயரிங் விரலில் சொல்லிவிடுகிறது. ஈரம், பள்ளம், ஒட்டுப்போட்ட தார் எல்லாமே கைக்கு வந்துவிடும். பக்கத்து வீட்டு அக்கா மகனின் புது வண்டியை ஓட்டிப் பார்த்தேன். குளிரும் இல்லை, குலுக்கலும் இல்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வெண்ணெயில் விரல் விட்ட மாதிரி போகிறது. நல்ல வண்டிதான். ஆனால் அதற்குள் நான் சுத்தச் செவிடு. இதற்குள் அப்படி இல்லை. வீட்டில் நான்கு பேர் பேசினால் யார் வாயைப் பார்ப்பது என்று தெரியாமல் விழிக்கிறவள் நான். இதில் ஏறினால் எதையும் ‘என்ன, என்ன’ என்று திரும்பக் கேட்க வேண்டியதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைச் சாலையில் போனோம். வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகிற சாலை. பாதி வழியில் நிறுத்தி டீ குடித்தோம். வெயில் இதமாக இருந்தது.

நீ சொன்ன சாமான்களை வாங்கிவிட்டேன்.

அம்மா


மார்ச் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

சளி விட்டுவிட்டது. கையெழுத்தில் அதைக் கண்டுபிடித்த உனக்குக் காது எதற்கு?

நீ எழுதியதை அலுவலகத்தில் மதிய இடைவேளையில் படித்தேன். அன்று காலைதான் வாங்குபவர்களை வரவழைத்து எங்கள் வண்டிகளைக் காட்டினோம். ஒரு பெண்மணி புது மாடல் இரண்டு இருக்கை வண்டியை விட்டு நகரவே இல்லை. கதவைத் தடவினார், உள்ளே உட்கார்ந்தார், கியரை மேலும் கீழும் போட்டுப் பார்த்தார். “எவ்வளவு அழகா இருக்கு” என்றார். என் வேலை கேள்வி கேட்பது. “வாங்குவீங்களா?” என்று கேட்டேன். “எனக்கு ரெண்டு பிள்ளைங்க, மாமியார், மாமனார். இதுல யாரை ஏத்தறது?” என்று சிரித்துவிட்டு உயரமான வண்டிப் பக்கம் போய்விட்டார். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அந்தத் திரும்பிப் பார்ப்பைக் கேள்வித்தாளின் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அது கிடக்கட்டும். ‘ஏரிக்கரைச் சாலையில் போனோம்’, ‘டீ குடித்தோம்’ என்று எழுதியிருக்கிறாய். நீ எப்போதும் ‘போனேன்’, ‘குடித்தேன்’ என்றுதான் எழுதுவாய். வண்டியும் டீ குடிக்கிறதா?

சர்க்கரை அளவை எழுது.

குட்டி


ஏப்ரல் 18

அன்புள்ள குட்டிக்கு,

சர்க்கரை அளவோடு இருக்கிறது. வெயில்தான் அளவோடு இல்லை. உனக்குத் தலைவலி வருகிறதா?

இன்று பேப்பரில் பார்த்தேன். உங்கள் கம்பெனி இரண்டு இருக்கை வண்டியை இந்த வருடத்திலேயே நிறுத்துகிறதாம். கேட்டு வருபவர்கள் குறைந்துவிட்டார்களாம். அந்த இடத்தில் உயரமான வண்டி செய்யப் போகிறார்களாம். கீழே சின்னதாக ஒரு படம், என் வண்டியின் தங்கை மாதிரி.

சாமான்கள் வாங்கி வைக்கச் சொன்னாயே, ஜனவரியிலேயே உனக்குத் தெரியுமா?

டீ விஷயம்: வண்டியும் நானும் சேர்ந்தால் ‘நாங்கள்’தானே. கை பழக்கத்தில் எழுதிவிட்டது.

அம்மா


மே 30

அன்புள்ள அம்மாவுக்கு,

தலைவலி இல்லை. பதில் எழுதத் தாமதமானதற்கு உடம்பு காரணமில்லை. நீ நலமா?

தெரியும். தெரிந்தது மட்டுமில்லை, நிறுத்தலாம் என்ற அறிக்கையை எழுதியதே நான்தான். என் மேலாளர் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான்.

நீ கோபப்படுவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதில் நான் எழுதியது எதுவும் பொய்யில்லை. அந்த வண்டியை எல்லாருக்கும் பிடிக்கிறது, வாங்குகிறவர் இல்லை. பத்திரிகைக்காரர்கள் புகழ்ந்து எழுதுகிறார்கள், எழுதிவிட்டு வேறு வண்டியில் வீட்டுக்குப் போகிறார்கள். பாதுகாப்பு விதிகள் வருடா வருடம் கூடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒன்றைச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் எடை கூடும், விலை கூடும். அப்புறம் அது எளிய வண்டியும் இல்லை, கைக்கு எட்டுகிற வண்டியும் இல்லை. உண்மையான பிரியம் உள்ளவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? யாரோ ஆசையாக வைத்திருந்த பழையதைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். அதில் எங்களுக்கு ஒரு ஆணியும் விற்பதில்லை. நீயும் அப்படித்தானே வாங்கினாய்?

இதை எழுதியதும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

உன் பிப்ரவரி கடிதம் வந்தபோது அறிக்கை மேலே போய்விட்டிருந்தது. முன்பே வந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. ஆனால் படித்த பிறகு ஒரு காரியம் செய்தேன். இந்தக் கம்பெனியில் இத்தனை வருடம் இருந்தும் நான் ஓட்டியது ஆட்டோமேட்டிக் மட்டும்தான். இங்கே சோதனை ஓட்டுநராக ஒரு அக்கா இருக்கிறார். அவரிடம் போய், “அக்கா, இதை நிறுத்தறதுக்கு முன்னாடி எனக்குக் கிளட்ச் கத்துக் கொடுங்க” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நிறுத்தச் சொன்னதே நீதானே?” என்றார். “ஆமா” என்றேன். “சரி, ஏறு” என்றார்.

வாரம் இரண்டு மாலை, கம்பெனி மைதானத்தில் ஓட்டுகிறேன். வண்டி தவளை மாதிரி குதித்து நின்றுவிடுகிறது. அக்கா ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார். அது திட்டுவதைவிட மோசம்.

கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

குட்டி


ஜூன் 14

என் தங்கத்துக்கு,

நான் நலம். கோபம் இல்லை. நீ சொன்னது சரி. புதிதாக ஒன்று வாங்க நான் உங்கள் கடை வாசலுக்கு வந்திருக்கவே மாட்டேன். பழையது கிடைத்தது, மகாராணி மாதிரி போகிறேன். என்னை நம்பி ஒரு தொழிற்சாலை ஓடாது.

ஆம்புலன்ஸிலும் அப்படி உண்டு. எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று சில நேரம் நான்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கும். சரியான முடிவாகவே இருக்கும். ஆனாலும் அதற்கப்புறம் சாப்பாடு இறங்காது. சரியாகச் செய்த பிறகும் வருத்தப்படலாம், அதில் தப்பொன்றுமில்லை.

கிளட்சுக்கு ஒன்று: பாதத்தை எடுக்காதே, அதை வர விடு.

நீ உண்மையை எழுதினாய், அதனால் நானும் எழுதுகிறேன். வண்டி டீ குடிப்பதில்லை. என்னோடு வருகிறவர் அந்தக் கண்ணாடிக் கடைக்காரர். விற்றுக் கொஞ்ச நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, “தப்பா எடுத்துக்காதீங்க. எப்பவாவது நீங்க சும்மா வெளிய போறப்போ பக்கத்து சீட் காலியா இருந்தா, நான் ஒரு ஓரமா வரலாமா?” என்று கேட்டார். இருப்பதே இரண்டு சீட், அதில் ஓரம் எங்கே இருக்கிறது என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். மனைவி இறந்து வெகு காலமாகிறது, பிள்ளைகள் இல்லை. நான் அவருக்கு ‘கிளட்ச்காரர்’ என்று பேர் வைத்திருக்கிறேன். நான் கியர் மாற்றும்போதெல்லாம் அவருடைய இடது பாதம் தானாகத் தரையை அழுத்தும். அங்கே பெடல் கிடையாது, அந்தக் காலில் வலுவும் கிடையாது. ஆனாலும் அழுத்தும். நான் சரியாக மாற்றினேனா என்பதை அந்தப் பாதத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். பேச்சு அதிகம் இல்லை. காற்றில் எனக்கு ஒன்றும் கேட்காது என்று அவருக்குத் தெரியும்.

உன் அப்பா இடத்தில் யாரும் இல்லை. அதை எழுத வேண்டியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன். இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் ‘கை பழக்கம்’ என்று பொய் சொன்னேன்.

உடனே பதில் எழுது.

அம்மா


ஜூலை 2

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நலம் அறிய ஆவல்.

உன் கடிதம் கிடைத்தது. துணைக்கு ஒருவர் வருவது நல்லதுதான். அவருக்கு மருந்து மாத்திரை எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா, வண்டியில் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரா என்று கேட்டுக்கொள். ஏதாவது ஆனால் பொறுப்பு உன் தலையில் விழும்.

இங்கே வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

குட்டி


ஆகஸ்ட் 25

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ நலமா? உண்மையாகவே கேட்கிறேன்.

போன கடிதத்தை நான் எழுதியிருக்கக் கூடாது. ஆபீஸ் கடிதம் மாதிரி எழுதினேன். நீ அதை எத்தனை முறை படித்தாயோ தெரியாது. நான் தபாலில் போட்ட மறுநாளே அதைத் திரும்ப எடுக்க முடியுமா என்று யோசித்தேன். எனக்கு அந்த மனிதர்மேல் ஒன்றுமில்லை. என் மனதில் நீ அந்த வீட்டில் தனியாக, நான் வைத்துவிட்டுப் போன இடத்தில் அப்படியே இருந்தாய். அங்கே வேறு யாரும் வர முடியும் என்றே நான் நினைக்கவில்லை. அதைக் கோபம் என்று சொல்ல முடியாது, வேறு பேரும் தெரியவில்லை.

பதில் இல்லாததால் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். “அம்மா காலையில போறாங்க, சாயங்காலம் வர்றாங்க. நல்லாத்தான் இருக்காங்க. ஆனா பேச்சு இல்லம்மா” என்றார். எங்கே போகிறாய் என்று அவருக்குத் தெரியவில்லை.

போன வாரம் கடைசி இரண்டு இருக்கை வண்டி வெளியே வந்தது. கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள், கேக் வெட்டினார்கள். எல்லாரும் போன பிறகு சோதனை ஓட்டுநர் அக்கா சாவியை என் கையில் வைத்தார். மைதானத்தைச் சுற்றி வந்தேன். ஒருமுறைகூட நிற்கவில்லை. கடைசி வளைவில் சக்கரத்தின் கீழே ஏதோ நறநறவென்று கைக்கு வந்தது. “அக்கா, மணல்” என்றேன். அவர் முதல் தடவையாக என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. எழுது, அம்மா. ஒரு வரி போதும்.

உன் குட்டி


செப்டம்பர் 10

அன்புள்ள குட்டிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் இரண்டு கடிதங்களும் என் கைப்பையில் இருக்கின்றன. முதல் கடிதத்துக்காக நான் எழுதாமல் இருக்கவில்லை. அதை நினைத்து உருகாதே. எழுத உட்கார்ந்தால் முதல் வரியைத் தாண்ட முடியவில்லை.

ஜூலை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. காலை நேரம், ஏரிக்கரைச் சாலையின் கோடிவரை போய்விட்டோம். கிளட்ச்காரர் என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தேன். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கை மடியிலிருந்து நழுவி விழுந்தது. என்னிடம் ஏதோ சொல்ல முயல்கிறார், சத்தம்தான் வரவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

இந்த முகத்தை எனக்குத் தெரியும். எத்தனையோ முறை ஏற்றி இறக்கியிருக்கிறேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் அது ஊரிலிருந்து இங்கே வந்து, திரும்ப ஊருக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் நானே போய்ச் சேர்ந்துவிடுவேன். பெல்ட்டை இறுக்கினேன், தலையைச் சாய்த்து வைத்தேன், வண்டியைத் திருப்பினேன்.

பின்னால் யாரும் வேண்டாம் என்றுதானே இதை வாங்கினேன்? இப்போது பக்கத்தில். சர்வீஸ் முழுக்க நான் கொண்டுபோனவர்களின் முகத்தை ஓட்டும்போது பார்த்ததே இல்லை. கண்ணாடியில் பார்த்தால் உதவியாளரின் முதுகு தெரியும், அவ்வளவுதான். பார்க்காமல் இருந்ததால்தான் அத்தனை வருடம் ஓட்ட முடிந்தது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

முகத்தைப் பார்த்தால் கை தடுமாறியது. அதனால் காலைப் பார்த்தேன். நான் கியர் மாற்றினேன், அந்த இடது பாதம் லேசாக அழுத்தியது. மாற்றினேன், அழுத்தியது. ‘இருக்கார்’ என்று சொல்லிக்கொண்டேன். வளைவுக்கு வளைவு தேவையே இல்லாமல்கூடக் கியரை மாற்றினேன், அந்தப் பாதம் அழுத்துவதைப் பார்ப்பதற்காக. ஊர் எல்லையில் ஒருமுறை அழுத்தவில்லை. அடுத்த மாற்றத்தில் அழுத்தியது.

அவசரப் பிரிவு வாசலில் புதுக் காவலாளி, கையை நீட்டி மறித்தான். “ஆம்புலன்ஸ் மட்டும்தான்மா வரணும்.”

“இது ஆம்புலன்ஸ்தான் தம்பி. தள்ளு” என்றேன். என் குரல் எவ்வளவு பெரிதாக இருந்ததோ, உள்ளேயிருந்து பழைய ஆட்களெல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். அந்தத் தாழ்வான இருக்கையிலிருந்து அவரைத் தூக்கத்தான் நான்கு பேர் திண்டாடினோம். உங்கள் உயரமான வண்டியாக இருந்தால் சுலபமாக இறக்கியிருக்கலாம். ஒத்துக்கொள்கிறேன்.

நேரத்துக்கு வந்ததால் பிழைத்தார் என்று டாக்டர் சொன்னார். வலது கை இன்னும் வரவில்லை. பேச்சு ஒவ்வொரு சொல்லாக வருகிறது. இப்போது அவர் வீட்டில் இருக்கிறார், பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ். காலையில் போய்ச் சாயங்காலம் வருகிறேன். அவர் பேசும்போது நான் கருவியை வைத்துக்கொண்டு வாயைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பேன். அவர் ஒரு சொல்லைத் தேடுவார், நான் ஒரு சொல்லைக் கேட்கத் தேடுவேன். ஒரு காபி வேண்டும் என்பதற்கு அரை மணி நேரம் ஆகிறது. ஆகட்டும், எங்களுக்கு என்ன அவசரம்.

மணலைக் கண்டுபிடித்தாயே, அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். இடது கையால் கட்டிலைத் தட்டினார். கைதட்டல் என்று எடுத்துக்கொள்.

முடிந்தால் வா.

அம்மா


நவம்பர் 20

அன்புள்ள குட்டிக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? நீ போன பிறகு வீடு ஒரு அளவு பெரிதாகிவிட்டது. உன் துண்டை விட்டுவிட்டாய், துவைத்து வைத்திருக்கிறேன். எனக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் இருமல்.

நீ இருந்த நாட்களில் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். கடைசி நாள் மதியம் கிளட்ச்காரர் வீட்டில், “அம்மா, இன்னிக்கு நீ இரு. பேச்சுப் பயிற்சிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்” என்று சாவியை எடுத்துக்கொண்டாயே. இரண்டு சீட் வண்டியில் மூன்றாவது ஆளுக்கு வாசல்தான் இடம். நீ கிளட்சை விட்ட அழகைப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. தெருமுனை திரும்பினீர்கள்.

உள்ளே போய் வேலை பார்க்கலாம் என்று நினைத்தேன். போகவில்லை. வாசலிலேயே நின்றேன்.

ஆம்புலன்ஸ் ஓட்டிய காலத்தில் எல்லா வீட்டிலும் என் வண்டிக்காகத்தான் யாராவது நின்றிருப்பார்கள். தெருவில் இறங்கிக் கையை வீசுவார்கள். “ஏன் இவ்வளவு நேரம்?” என்று என்மேல் பாய்வார்கள். பறந்து வந்தவளைப் பார்த்து இப்படிக் கேட்கிறார்களே என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன். நான் யாருடைய வண்டிக்காகவும் அப்படி நின்றதில்லை. ஓட்டுகிறவளுக்கு நேரம் ஓடிவிடுகிறது, குட்டி. நிற்கிறவளுக்கு அதுவும் கூடவே நின்றுவிடுகிறது. வண்டி வருகிற சத்தமும் எனக்குக் கேட்காது. கண்ணை எடுக்காமல் முனையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. அவர்கள் எல்லாரிடமும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கத் தோன்றியது.

கடைசியில் சிவப்பு மூக்கு தெரிந்தது. கூரையைத் திறந்திருந்தாய். உன் கண் கலங்கியிருந்தது, அவர் முகம் சிரித்திருந்தது. காற்றினால்கூட இருக்கலாம். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி ‘ஒண்ணுமில்ல’ என்றீர்கள். அவரை இந்த வாரம் முழுக்கக் குடைந்துவிட்டேன். சொல் வரவில்லை என்று நடிக்கிறார். மற்றச் சொல்லெல்லாம் வருகிறது.

நீயாவது சொல்.

அம்மா


டிசம்பர் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். இருமலுக்கு மருந்து வாங்கு, கூரையை மூடிக்கொண்டு ஓட்டு. என்னை உயரமான வண்டியின் குழுவில் போட்டிருக்கிறார்கள். முதல் கூட்டத்தில், “இந்த ஸ்டீயரிங் ஓட்டுறவங்களுக்கு என்ன சொல்லுது?” என்று கேட்டேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.

இனி, நீ கேட்டது. அன்று போகும்போது அவர் பேசவில்லை. திரும்பும்போது வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. நான் சேர்த்து எழுதுகிறேன்.

“உங்கம்மாகிட்ட ஒண்ணு கேட்டேன்” என்றார்.

“எப்போ?”

“கார்ல. ரெண்டு மூணு தடவை.”

“கார்ல அம்மாவுக்கு ஒண்ணும் கேக்காதே.”

“தெரியும். அதான் கார்ல கேட்டேன். கேட்ட மாதிரியும் ஆச்சு. அவங்க வேண்டாம்னு சொல்லாத மாதிரியும் ஆச்சு.”

ஒருமுறை நீ “குளிருதா?” என்று கூரையைப் போட்டாயாம். இன்னொரு முறை தலையை ஆட்டினாயாம். அவருக்கு உயிர் போய் உயிர் வந்ததாம். நீ நேராகப் பெட்ரோல் பங்கில் கொண்டுபோய் நிறுத்தினாயாம். ஜூலையில், அந்த ஞாயிற்றுக்கிழமை, மறுபடியும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பாதியில் வாய் இழுத்துவிட்டது.

நான், “என்கிட்ட அனுமதி கேக்காதீங்க, அங்கிள்” என்றேன். அழுதது அப்போதுதான். அவர் தலையை ஆட்டினார். “அனுமதி கேக்கலம்மா. எனக்குக் கை வரல. நீ எழுதிக் கொடு.”

அவர் சொன்னது சொன்னபடியே:

“மிச்ச நாளும் உங்க பக்கத்து சீட்டுலயே இருந்துடட்டுமா?”

ஊருக்கு வந்தும் இதை எழுத இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன். என் மனதில் இருப்பதையும் தெரிந்துகொண்ட பிறகுதான் எழுத வேண்டும் என்று நினைத்தேன். தெரிந்துகொண்டேன். அதைத் தனியாக எழுத வேண்டுமா என்ன?

ஆனால் இதை என் கையெழுத்தில் படிப்பது வேறு, அவர் வாயால் கேட்பது வேறு. ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போ, வண்டியை ஓரமாக நிறுத்து. இன்ஜினை அணை. பெட்டியிலிருந்து கருவியை எடுத்துக் காதில் வை. இன்னொரு முறை கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

பதிலை எனக்கு எழுத வேண்டாம்.

உன் குட்டி